லென்சுக்கும் சென்சாருக்கும் நடுவே 55 மில்லிமீட்டர்

பள்ளி, கல்லூரி வானியல் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்



வானத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் படமும் எடுக்க வேண்டும் என்று தீர்மானித்து, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு சிறிய ரிஃப்ராக்டர் தொலைநோக்கி வாங்க நினைக்கும் மன்றங்களுக்காக இதை எழுதுகிறேன். 50 முதல் 80 மி.மீ. விட்டமுள்ள முகப்பு லென்சு, 250 முதல் 480 மி.மீ. வரை குவியத்தொலைவு, ஒருவரே தூக்கிக்கொண்டு மொட்டைமாடி ஏறிவிடக்கூடிய எடை. தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்பதே என் கருத்தும். ஆனால் இப்படி வாங்குவதற்குப் போடும் பட்டியல் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் அமைகிறது. முதலில் தொலைநோக்கி, அடுத்து கேமரா, அதன் பிறகு விலை கூடிய ஒரு ஃபில்டர். இந்த மூன்றையும் பிணைக்கும் வளையங்களும் குழாய்களும் அடாப்டர்களும் கடைசி வரியில் ‘இதரச் செலவு’ என்று ஒதுங்கிவிடுகின்றன. அந்த வரிசையை மாற்றிப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். தொலைநோக்கியின் பின்வாய்க்கும் கேமராவின் சென்சாருக்கும் இடையில் உள்ள அந்தச் சில சென்டிமீட்டரை முதலில் தாளில் வரைந்து கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்குக்குள் அடங்கும் கேமராவைத் தேர்ந்தெடுங்கள். ஃபில்டரை எல்லாவற்றுக்கும் கடைசியில் வாங்குங்கள்.

ஏன் அந்த இடைவெளிக்கு இவ்வளவு முக்கியத்துவம் என்ற கேள்விக்கு விடை லென்சின் இயல்பிலேயே இருக்கிறது. இரண்டு அல்லது மூன்று கண்ணாடிகள் கொண்ட சாதாரண ரிஃப்ராக்டர், விண்மீன்களின் பிம்பத்தைத் தட்டையான பரப்பில் குவிப்பதில்லை. ஒரு கிண்ணத்தின் உட்புறம் போல வளைந்த பரப்பில் குவிக்கிறது. அந்த வளைவின் ஆரம், தோராயமாகக் குவியத்தொலைவில் மூன்றில் ஒரு பங்கு. 60 மி.மீ. விட்டமும் 360 மி.மீ. குவியத்தொலைவும் உள்ள, அதாவது எஃப்/6 தொலைநோக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் குவிபரப்பின் ஆரம் ஏறக்குறைய 120 மி.மீ. ஏபிஎஸ்-சி அளவு சென்சாரின் மையத்திலிருந்து மூலைக்கு 14 மி.மீ. தூரம். மையத்தில் விண்மீனைத் துல்லியமாகக் குவித்தால், மூலையில் குவியம் சுமார் 0.8 மி.மீ. விலகி நிற்கும். எஃப்/6 தொலைநோக்கியில் குவியம் கூர்மையாக இருக்கும் ஆழமோ பச்சை ஒளிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். தாங்கக்கூடிய அளவைப் போல எட்டு மடங்கு பிழை மூலையில் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் புள்ளியாக இருக்கும் விண்மீன்கள் ஓரத்தில் ஊதிப் பெருத்துத் தெரிவதற்குக் காரணம் இந்த வளைவு. லென்சு மட்டமானது என்று வருந்த வேண்டியதில்லை.

இந்த வளைவை நிமிர்த்தத்தான் ஃப்ளாட்னர் என்ற துணை லென்சு இருக்கிறது. அது எந்த இடத்தில் நின்றாலும் வேலை செய்துவிடாது. தனக்குப் பின்னால் இத்தனை மில்லிமீட்டரில் சென்சார் இருக்கும் என்று வைத்துக்கொண்டே அதை வடிவமைக்கிறார்கள். வான்படக்காரர்கள் பேக் ஃபோகஸ் என்று சொல்வது இந்தத் தூரத்தைத்தான். பல ஃப்ளாட்னர்களில் இது 55 மி.மீ. என்று அமைந்திருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பின்னாளில் டாம்ரான் என்று பெயர் பெற்ற ஜப்பானிய நிறுவனம் 1957-இல் டி-மவுண்ட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒரே லென்சை வெவ்வேறு நிறுவனங்களின் கேமராக்களில் பொருத்துவதற்காக, லென்சின் பின்விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை 55 மி.மீ. என்று அதில் நிர்ணயித்தார்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் ஏற்ற தடிமனில் ஒரு வளையம் செய்துகொண்டால் போதும், மொத்தத் தூரம் மாறாது. அந்த எண் அப்படியே தொலைநோக்கி உலகுக்கும் வந்துவிட்டது. எல்லா ஃப்ளாட்னருக்கும் 55 என்று நினைத்துவிடாதீர்கள். வேறு எண் கொண்டவையும் உண்டு. தயாரிப்பாளர் தரும் வரைபடத்தில் எந்த விளிம்பிலிருந்து அளக்கச் சொல்கிறார்கள் என்பது உட்படப் பார்த்த பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும். தூரம் தவறினால் படமே காட்டிக்கொடுக்கும். மூலைகளில் விண்மீன்கள் மையத்திலிருந்து வெளிநோக்கி இழுபட்டது போல நீண்டிருந்தால் பொதுவாகச் சென்சார் அளவுக்கு மீறி அருகில் இருக்கிறது. மையத்தைச் சுற்றி வட்டமடிப்பது போல நீண்டிருந்தால் தள்ளி இருக்கிறது.

இனி அந்த 55 மில்லிமீட்டரை ஒரு வரவுசெலவுத் திட்டமாகப் பாருங்கள். என் வாதத்தின் மையம் இதுதான். உங்கள் மன்றத்தில் யாரிடமாவது பழைய கேனன் டிஎஸ்எல்ஆர் இருக்கும்; செலவு மிச்சம் என்று அதையே பயன்படுத்த நினைப்பீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கேனன் ஈஎஃப் மவுண்டிலிருந்து சென்சார்வரை 44 மி.மீ. கேமராவின் உடலே தின்றுவிடுகிறது. கண்ணாடி மடங்கி ஏறி இறங்க அந்த இடம் வேண்டும். மீதி 11 மி.மீ.; அதை டி-வளையம் எடுத்துக்கொள்கிறது. நிக்கான் எஃப் மவுண்ட் என்றால் 46.5 போய், மிஞ்சுவது 8.5 மட்டுமே. இந்த வரவுசெலவில் ஃபில்டர் தட்டுக்கு இடமே இல்லை. ஃபில்டர் வேண்டுமானால் கேமராவின் வாய்க்குள் செருகும் கிளிப் வகையை வாங்கலாம், அல்லது 2 அங்குல ஃபில்டரை ஃப்ளாட்னரின் முன்வாயில் திருகலாம். பின்னதில் ஃபில்டரை மாற்ற ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அதே நண்பரிடம் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. சோனி இ மவுண்டில் 18 மி.மீ., கேனன் ஆர்எஃப்-இல் 20, நிக்கான் இசட்டில் 16 மட்டுமே செலவாகிறது. கையில் 35 முதல் 39 மி.மீ. வரை மிச்சம். வான்படத்துக்கென்றே செய்யப்படும் குளிரூட்டிய கேமராக்களும் இதே நிலையில்தான் இருக்கின்றன. பரவலாகப் புழங்கும் இசட்.டபிள்யூ.ஓ. கேமராக்களில் பலவற்றுக்குச் சென்சார் 17.5 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது, கூடவே வரும் 16.5, 21 மி.மீ. குழாய்கள் இரண்டையும் சேர்த்தால் கூட்டுத்தொகை சரியாக 55. அந்த 21 மி.மீ. குழாயை எடுத்துவிட்டு அதே தடிமனில் கிடைக்கும் ஃபில்டர் தட்டை வைத்தால் கணக்கு பிசகாது. 16.5 மி.மீ. குழாய்க்குப் பதில், வழிகாட்டி விண்மீனைப் பின்தொடர உதவும் ஆஃப்-ஆக்சிஸ் கைடரை அதே தடிமனில் வாங்கி வைக்கலாம். எந்தத் துணைக்கருவி எங்கே நிற்கும், எது நிற்கவே முடியாது என்பதையெல்லாம் கேமராவின் உடல் ஆழம் முடிவுசெய்துவிடுகிறது. பளபளக்கும் ஃபில்டரை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, அதை வைக்க இடமில்லாத கேமராவைப் பிறகு வாங்குவது பொதுப்பணத்தைப் பெட்டியில் பூட்டுவதற்குச் சமம்.

ஃபில்டரே கண்ணாடி என்பதால் அதுவும் இந்தக் கணக்கில் ஒரு வரி கேட்கிறது. குவிந்து வரும் ஒளிக்கற்றையின் குறுக்கே தட்டைக் கண்ணாடி வைத்தால், அதன் தடிமனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குவியம் பின்னால் தள்ளிப்போகும். 2 மி.மீ. ஃபில்டருக்கு 0.7 மி.மீ. எனவே ஃப்ளாட்னருக்கும் சென்சாருக்கும் நடுவில் அந்த ஃபில்டர் இருந்தால் 55 என்பதை 55.7 ஆக்க வேண்டும். பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ கிடைக்கும் மெல்லிய ஷிம் வளையங்களால் அதை நிரப்பலாம். ஃபில்டர் ஃப்ளாட்னருக்கு முன்னால் இருந்தால் இந்தத் திருத்தம் தேவையில்லை, ஃபோகஸரைத் திருப்பினாலே சரியாகிவிடும். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் வெர்னியர் காலிப்பரே இதற்கெல்லாம் போதும். ஒவ்வொரு வளையத்தையும் உறையில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் அளந்து எழுதுங்கள்.

ஃபில்டரின் விட்டத்துக்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. சென்சாரின் மூலைவிட்டத்தோடு, சென்சாரிலிருந்து ஃபில்டருக்கு உள்ள தூரத்தை எஃப் எண்ணால் வகுத்துக் கூட்டுங்கள். ஏபிஎஸ்-சி சென்சாரின் மூலைவிட்டம் 28 மி.மீ. சொச்சம். எஃப்/6 தொலைநோக்கியில் 25 மி.மீ. தள்ளி ஃபில்டர் நின்றால் சுமார் 32.5 மி.மீ. திறப்பு தேவை. 1.25 அங்குல ஃபில்டரின் உண்மையான திறப்பு ஏறக்குறைய 26 மி.மீ. என்பதால் மூலைகள் இருண்டுவிடும், 36 மி.மீ. அல்லது 2 அங்குலம் வாங்கியாக வேண்டும். அதே இடத்தில் சோனியின் ஐஎம்எக்ஸ்533 போன்ற 16 மி.மீ. மூலைவிட்டமுள்ள சதுரச் சென்சார் என்றால் 20 மி.மீ. சொச்சமே போதும், சிறிய ஃபில்டரே தாராளம். பெரிய சென்சார் வாங்கும்போது கேமராவின் விலை மட்டும் ஏறுவதில்லை. ஒவ்வொரு ஃபில்டரின் விலையும் ஏறுகிறது, ஃப்ளாட்னர் சமாளிக்க வேண்டிய வட்டம் விரிகிறது, சென்சார் சாய்வதால் வரும் பிழையின் சுமை கூடுகிறது. சிறிய மன்றத்துக்குச் சிறிய சென்சாரைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கமில்லை.

தூரத்துக்கு அடுத்தது நேர்த்தன்மை. சொல்லப்போனால், தூரத்தைவிட இதுவே அதிகத் தொல்லை தருவது. எஃப்/6-இல் கூர்மையின் ஆழம் 0.1 மி.மீ. என்று பார்த்தோம். 28 மி.மீ. சென்சாரின் ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் இடையே அதற்குமேல் ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது என்றால், அனுமதிக்கக்கூடிய சாய்வு 0.2 பாகைதான். இந்த நிலையில், கேமராவை 1.25 அங்குல மூக்குக்குழாய் வழியாக ஃபோகஸருக்குள் செருகி, பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு திருகை முறுக்கி இறுக்கும் வழக்கத்தை எண்ணிப்பாருங்கள். அந்தத் திருகு கேமராவை எதிர்ப்பக்கச் சுவரோடு தள்ளுகிறது. குழாய்க்கும் துளைக்கும் நடுவே உள்ள நூலிழை இடைவெளி அப்படியே சாய்வாகிறது. குளிரூட்டிய கேமரா ஒன்று அரைக்கிலோவுக்கு மேலேகூட இருக்கும். தொலைநோக்கி வானத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பும்போது அந்த எடை தொங்கும் திசையும் மாறுகிறது. எனவே கண்ணால் பார்க்க மூக்குக்குழாய், படமெடுக்க முழுக்க முழுக்கத் திருகு மரை என்பதை மன்றத்தின் விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மரையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. டி2 எனப்படும் மரைக்கு 42 மி.மீ. விட்டம், 0.75 மி.மீ. பிட்ச், அதாவது அடுத்தடுத்த புரிகளுக்கு இடையிலான தூரம். பழைய பிராக்டிகா, பென்டாக்ஸ் கேமரா லென்சுகளின் மரைக்கும் அதே 42 மி.மீ. விட்டம், ஆனால் பிட்ச் 1 மி.மீ. இரண்டையும் சேர்த்துத் திருகினால் ஒரு சுற்று ஏறும், பிறகு இறுகும். இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் மென்மையான அலுமினிய மரை அறுந்துவிடும். கைக்கு எதிர்ப்பு தெரிந்த உடனே நிறுத்திவிட வேண்டும். 48 மி.மீ. விட்டமும் 0.75 பிட்சும் கொண்ட எம்48 மரை இதைவிட அகலம், உறுதி. 2 அங்குல ஃபில்டரின் மரையும் அதுவே. புதிதாகத் தொடங்கும் மன்றம் எல்லாவற்றையும் எம்48-இல் அமைத்துக்கொண்டால் பின்னால் பெரிய சென்சாருக்கு மாறினாலும் வளையங்கள் வீணாகா. கிடைக்காத தடிமனில் ஒரு வளையம் தேவைப்பட்டால் வெளிநாட்டிலிருந்து வரும் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் இந்த வேலையைச் செய்யக்கூடிய லேத் பட்டறைகள் உள்ளன. விட்டம், பிட்ச், தடிமன் மூன்றையும் எழுதிக் கொடுத்து, இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். உட்சுவர் பளபளப்பில்லாத கறுப்பாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் தெருவிளக்கின் ஒளியே உள்ளே எதிரொளித்துப் படத்தில் படலமாகப் படியும்.

சாய்வு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு படம் எடுத்துவிட்டுக் கேமராவைக் கால் சுற்று திருப்பி இன்னொன்று எடுங்கள். கெட்டுப்போன மூலை படத்தில் அதே மூலையாக இருந்தால் பிழை கேமராவின் பக்கம். வேறு மூலைக்கு நகர்ந்தால் தொலைநோக்கியின் பக்கம். இந்தச் சோதனைக்குச் செலவு இல்லை, ஒரு மாலைப்பொழுது போதும்.

இவ்வளவு கணக்கு தேவையா என்று கேட்பவர்களின் வாதங்களில் வலுவுள்ளவை மூன்று. முதலாவது, பெட்ஸ்வால் வகைத் தொலைநோக்கி. யோசப் பெட்ஸ்வால் 1840-இல் வடிவமைத்த உருவப்பட லென்சின் வழிவந்த அமைப்பு இது. முன்னும் பின்னுமாகப் பிரிந்த இரண்டு லென்சுத் தொகுதிகள். குவிபரப்பைத் தட்டையாக்கும் வேலை குழாய்க்குள்ளேயே முடிந்துவிடுவதால் தனி ஃப்ளாட்னர் வேண்டாம். 51 மி.மீ. விட்டமும் 250 மி.மீ. குவியத்தொலைவும் கொண்ட வில்லியம் ஆப்டிக்ஸ் ரெட்கேட் 51 இவ்வகைக்கு நன்கறிந்த உதாரணம். அதில் குவியம் எட்டும் எந்தத் தூரத்திலும் கேமராவை வைக்கலாம் என்பது உண்மை. தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு அது பெரிய விடுதலை என்பதையும் மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மன்னிப்பது தூரத்தை மட்டுமே, சாய்வை அல்ல. எஃப்/4.9-இல் கூர்மையின் ஆழம் 0.065 மி.மீ. ஆகச் சுருங்குகிறது, ஏபிஎஸ்-சி சென்சாருக்கு அனுமதிக்கக்கூடிய சாய்வு 0.13 பாகை. ஃபில்டரின் திறப்பு, மரையின் பொருத்தம், எடையின் தொங்கல் ஆகியவை எல்லாம் அப்படியே நிற்கின்றன, முன்னைவிடக் கண்டிப்பாக.

இரண்டாவது வாதம், எல்லாம் ஒன்றாக அடங்கிய ஸ்மார்ட் தொலைநோக்கிகள். 50 மி.மீ. விட்டமும் 250 மி.மீ. குவியத்தொலைவும் உள்ள சீஸ்டார் எஸ்50 போன்றவற்றில் கேமராவும் ஃபில்டரும் உள்ளேயே இருக்கின்றன, கைபேசியில் தட்டினால் படம் வருகிறது. பிறகு எதற்கு இந்த வளையங்களும் ஷிம்மும்? படம் பார்ப்பதே நோக்கம் என்றால் தாராளமாக அதையே வாங்குங்கள். ஊர்மக்களை அழைத்துக் காட்டுவதற்கு அது அருமையான கருவி. ஆனால் அது ஏன் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது? லென்சுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரத்தையும் நேர்த்தன்மையையும் தொழிற்சாலையிலேயே நிலைநிறுத்தி, யாரும் கை வைக்க முடியாதபடி மூடிவிட்டார்கள் என்பதே அதற்குப் பெரும் காரணம். ஆகவே இந்த வாதம் என் கூற்றுக்குத் துணையாகவே நிற்கிறது. மன்றம் என்பது கற்கும் இடமும்தான். சென்சாரை மாற்றவும், ஒரு வால்மீனின் நிறமாலையைப் பதியவும், மாறும் விண்மீனின் ஒளியை அளக்கவும் ஆசைப்படும் மாணவிக்கு மூடிய பெட்டி இடம் தராது.

மூன்றாவது, மென்பொருள். நீண்ட விண்மீனை வட்டமாக்கவும் ஓரத்து மங்கலைக் கூர்மையாக்கவும் இன்று நிரல்கள் இருக்கின்றன, வியக்கத்தக்க அளவுக்கு நன்றாகவும் செய்கின்றன. நான் அவற்றுக்கு எதிரியல்ல. ஆனால் அந்த நிரல், பரந்து கிடக்கும் ஒளியிலிருந்து அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கிறது. நான்கு பிக்சலில் குவிய வேண்டிய ஒளி முப்பது பிக்சலில் பரவினால், மங்கலான விண்மீன் வானத்தின் இரைச்சலுக்குள் மூழ்கிப்போகிறது. பதிவாகாததை எந்த நிரலும் நேர்மையாகத் திருப்பித் தர முடியாது. ஒளியளவீட்டுக்கு அப்படித் திருத்திய படம் பயன்படவும் செய்யாது. தூசியின் நிழலும் இப்படித்தான். எஃப்/6 தொலைநோக்கியில் சென்சாருக்கு 25 மி.மீ. முன்னால் உள்ள ஃபில்டரில் ஒரு தூசி இருந்தால், அதன் நிழல் 4 மி.மீ. அகல வட்டமாக, 3.76 மைக்ரான் பிக்சல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் குறுக்கே விழும். இதைத் துடைக்க ஒரே முறையான வழி, சீரான ஒளியில் எடுக்கும் ஃப்ளாட் படம். கேமராவைக் கழற்றியோ திருப்பியோ விட்டால் அந்த ஃப்ளாட் பொருந்தாது. உறுதியான இணைப்பு இங்கேயும் மென்பொருளுக்கு முந்திய தேவையாகிறது.

இனி ஃபில்டர். நகரத்தில் இருக்கிறோம், ஒளிமாசு அதிகம், ஃபில்டர் இல்லாமல் என்ன செய்வது என்பது நியாயமான கவலை. எந்த ஃபில்டர் என்பதில்தான் பணம் வீணாகிறது. ‘ஒளிமாசு ஃபில்டர்’ என்ற பெயரில் விற்கும் அகலப் பட்டை வகைகள் சோடியம், பாதரச விளக்குகளின் காலத்துக்கு உகந்தவை. பாதரசம் 436, 546 நானோமீட்டரிலும் சோடியம் 589-ஐ ஒட்டியும் தங்கள் ஒளியில் பெரும்பகுதியைக் கொட்டின. அந்த இடங்களை மட்டும் மறைத்தால் வானம் கறுத்தது. 2015 ஜனவரியில் தேசியத் தெருவிளக்குத் திட்டம் தொடங்கியது முதல் இந்திய நகரங்களில் தெருவிளக்குகள் பெருமளவில் எல்இடி-க்கு மாறிவிட்டன. வெள்ளை எல்இடி 450 நானோமீட்டர் அருகே ஒரு நீல முகட்டோடு, பச்சையிலிருந்து சிவப்புவரை இடைவெளியின்றிப் பரவுகிறது. மறைப்பதற்கென்று தனி இடம் அதில் இல்லை. எனவே இத்தகைய ஃபில்டருக்கு இன்று பெருந்தொகை கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

குறுகிய பட்டை ஃபில்டர் வேறு வகை. ஹைட்ரஜன்-ஆல்ஃபாவின் 656.3, இரட்டை அயனியான ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் ஆகிய கோடுகளைச் சுற்றிச் சில நானோமீட்டரை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் அது தடுக்கிறது. எல்இடி-யின் ஒளி பரவலாக இருப்பதே இங்கே நமக்குச் சாதகம். அதில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடுகிறது. ஒரே கோட்டின் ஒளியில் வானைப் பதிவது நமக்கு அந்நியமான மரபும் அல்ல. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே சூரியனை அப்படிப் பதிந்து வைத்திருக்கிறது. மாசி, பங்குனி இரவுகளில் தெற்கே எழும் கரீனா நெபுலா கோவையிலிருந்து உச்சத்தில்கூடச் சுமார் 19 பாகை உயரமே வருகிறது. நகர ஒளி மண்டிக்கிடக்கும் அந்தத் தாழ்வில் இந்த ஃபில்டரின் மதிப்பு தெரியும். வட ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருப்பவர்களுக்கு அடிவானத்துக்கு மேல் வரவே வராத பொருள் அது, நமக்குக் கிடைத்திருக்கும் பேறு. ஆனால் அதே ஃபில்டரைக் கார்த்திகை விண்மீன்களின் மேல் வைத்தால் ஏமாற்றமே. அங்கே தெரியும் நீலப் படலம், தூசு எதிரொளிக்கும் விண்மீன் ஒளி. அது எல்லா நிறத்திலும் பரவியது. ஆண்ட்ரோமெடா விண்மீன்மண்டலத்துக்கும் அப்படித்தான். அவற்றுக்கு நகரத்தை விட்டு வெளியே போவதைத் தவிர வேறு ஃபில்டர் கிடையாது.

இன்னும் இரண்டு செய்திகள், இவையும் வரிசை பற்றியவையே. மாற்றம் செய்யாத சாதாரண டிஎஸ்எல்ஆர்களில் சென்சாரின் முன் உள்ள கண்ணாடி ஹைட்ரஜன்-ஆல்ஃபாவில் தோராயமாகக் கால் பங்கையே விடுகிறது. அதன் முன்னால் விலையுயர்ந்த ஹைட்ரஜன் ஃபில்டரை வைப்பது, கதவை மூடிவிட்டுச் சன்னலைப் பெரிதாக்கும் வேலை. கேமரா முடிவாகாமல் ஃபில்டர் வாங்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகவும்தான். வான்படக் கேமராக்களில் பலவற்றில் இதற்கு நேர்மாறான நிலை. முன்னால் எதிரொளி தடுக்கும் கண்ணாடி மட்டுமே இருப்பதால் புற ஊதாவும் அகச்சிவப்பும் உள்ளே வருகின்றன. ரிஃப்ராக்டர் லென்சு அந்த இரு முனைகளையும் மற்ற நிறங்களோடு ஒரே இடத்தில் குவிப்பதில்லை; விண்மீன்கள் வீங்கிவிடும். ஆகவே குளிரூட்டிய கேமரா வாங்கும் மன்றத்துக்கு முதல் ஃபில்டர், விலை குறைந்த புறஊதா-அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டர்தான். ‘வேகமான லென்சுக்கென்றே தனி’ என்று விற்கும் குறுகிய பட்டை ஃபில்டர்களைப் பார்த்தும் மயங்க வேண்டாம். சாய்ந்து வரும் கதிருக்கு ஃபில்டரின் பட்டை நீலப்பக்கம் நகரும் என்பது உண்மை; எஃப்/2 கருவியில் அது பல நானோமீட்டர் ஆகும். எஃப்/6 ரிஃப்ராக்டரிலோ ஒரு நானோமீட்டருக்கும் குறைவு.

பகலிலும் இதே கருவியைப் பயன்படுத்தப் போகும் பள்ளி மன்றங்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. நான் மேலே சொன்ன ஃபில்டர் எதுவும் சூரியனுக்கு உரியதல்ல. சூரிய ஃபில்டர் தொலைநோக்கியின் முகப்பு லென்சுக்கு முன்னால், காற்றில் கழன்று விழாதபடி கட்டப்பட வேண்டும். பின்னால் வைத்த எந்தக் கண்ணாடியும் குவிந்த வெயிலில் நொடியில் வெடிக்கலாம். கண் போனால் திரும்பாது. குழந்தைகள் கூடும் இடத்தில் கருவியின் அருகே பொறுப்பான ஒருவர் நிற்காமல் அதைச் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். பணம் கட்டுவதற்கு முன் ஒரு முழுத்தாளில் நீங்கள் வாங்கப்போகும் இணைப்பைப் பக்கவாட்டுத் தோற்றமாக வரையுங்கள். ஃப்ளாட்னரின் பின்விளிம்பு, ஒவ்வொரு வளையத்தின் தடிமன், இருபுறமும் உள்ள மரையின் விட்டமும் பிட்சும், ஆண் மரையா பெண் மரையா என்பது, ஃபில்டர் நிற்கும் இடம், அதன் கண்ணாடித் தடிமன், கேமராவின் உடல் ஆழம் எல்லாவற்றையும் அதில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். தொகை பொருந்தவில்லை என்றால் எந்தப் பொருளை மாற்றுவது என்று கூட்டத்தில் விவாதியுங்கள். தாளில் மாற்றச் செலவில்லை. பொருள் வந்து, முதல் படம் எடுத்து, ஷிம் சேர்த்தோ குறைத்தோ மூலைகள் ஒழுங்கான பிறகு, கடைசியாக நின்ற அளவையும் அதே தாளில் வேறு மையில் குறியுங்கள். அதன் படி ஒன்றைக் கருவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைத்து, இன்னொன்றை மற்ற மன்றங்களுக்கு அனுப்புங்கள். இந்தத் தொலைநோக்கி, இந்த ஃப்ளாட்னர், இந்தக் கேமரா, இத்தனை மில்லிமீட்டர் என்று தமிழில் எழுதிய இருபது தாள்கள் கைமாறத் தொடங்கினால், அடுத்து வாங்கும் மன்றம் இதே தேடலைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்காது.

அன்புடன்,
வான்படத்தில் உங்கள் தோழமையை விரும்பும் ஒருவர்